எல்லா மாணவரும் படிக்கும்படி ஒரு பயிற்சித்தாள் தயாரிப்பது எப்படி?

டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்கு அறிவில் குறை இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் சிரமம். 'கை' என்று எழுதும்போது ஐகாரக் குறி ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒலிக்கும்போது பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. நமக்குப் பழகிப்போன இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு வரிக்கு வரி தடுக்கும் கல். தாளைக் கொஞ்சம் மாற்றினால் சில கற்களையாவது அகற்றிவிடலாம்.

முதல் வேலை, எந்தக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறிந்துகொள்ளும் யூனிகோட் குறியீட்டில் தட்டச்சு செய்வது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ். கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பார்வையற்ற மாணவருக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைப் பொருளில்லாத ஒலிகளாகத்தான் படிக்கும். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் சரி.

அடுத்து, தோற்றம். டிஸ்லெக்சியாவுக்கு 14 புள்ளி அளவு, குறைபார்வைக்கு 18 புள்ளி என்று தொடங்கலாம். ஆனால் பெரிய எழுத்து எல்லாருக்கும் உதவாது. பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு, சுருங்கிய மாணவருக்கு எழுத்து பெரிதானால் ஒரு பார்வையில் இரண்டு மூன்று எழுத்துதான் அகப்படும். ஆகவே ஒரே வரியை 14, 18, 24 அளவுகளில் அச்சிட்டு, எது வசதி என்று அவரையே கேளுங்கள். இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வரி இடைவெளி 1.5 இருக்கட்டும். இருபுறமும் சீராக்காமல் இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். இல்லையென்றால் சொற்களுக்கு நடுவே இடைவெளி தாறுமாறாகும். அடிக்கோடு வேண்டாம், அது 'சு', 'பு' போன்றவற்றின் வாலை வெட்டிவிடும். முக்கியமான சொல்லைத் தடித்த எழுத்தில் போடுங்கள். கண் கூசும் மாணவருக்கு வெளிர்மஞ்சள் தாள் உதவலாம்.

தலைப்புகளுக்கு வேர்டில் உள்ள தலைப்புப் பாணியைப் பயன்படுத்துங்கள். திரைவாசிப்பான் வழியே தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். படங்களுக்கு விவரிப்பு எழுதும்போது, படம் எதற்காக இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். 'பூவின் படம்' என்பது போதாது. 'நடுவில் சூலகம், அதைச் சுற்றி மகரந்தத் தாள்கள்' என்றால் பாடம் போய்ச் சேரும். புத்தகப் பக்கத்தை கைபேசியில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால், அதில் எழுத்தே கிடையாது, வெறும் படம்தான்.

முடித்ததும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, திரையை அணைத்துவிட்டு உங்கள் தாளைக் காதால் கேளுங்கள். எங்கே வழி தவறுகிறதோ அங்கே திருத்துங்கள்.

வகுப்பில், முன்கூட்டிச் சொல்லாமல் டிஸ்லெக்சியா உள்ள மாணவரை எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கூச்சம் ஆண்டுக்கணக்கில் மாறாமல் போகலாம். தேர்வில் கூடுதல் நேரம் கொடுங்கள். அறிவியல் விடைத்தாளில் 'ஒளிச்சேர்க்கை' என்பதை 'ஒலிச்சேர்க்கை' என்று எழுதியிருந்தால், அது என்னவென்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்கள்.