எலும்பு கூடவில்லை என்றதும் ஸ்டெம் செல்லுக்கு ஓடாதீர்கள்: பலரும் செய்யும் தவறுகள்

காலில் ராடு வைத்து ஒரு வருடம் ஓடிவிட்டது, எக்ஸ்ரேயில் முறிந்த கோடு அப்படியே இருக்கிறது, "எலும்பு இன்னும் கூடலை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே வீட்டில் யாராவது போனில் தேடி, "ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆபரேஷனே வேண்டாம்" என்று ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டுவார்கள். (ஸ்டெம் செல் என்றால் எலும்பு, ரத்தம் போன்ற வேறு செல்களாக மாறக்கூடிய மூலச்செல்.) இது முழுப்பொய் என்றால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் உண்மை இருக்கிறது, சிக்கலே அதுதான்.

முதல் தவறு, எலும்பு ஏன் கூடவில்லை என்று பார்க்காமலே செல்லைத் தேடிப் போவது. உங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முறிந்த இடத்தின் இரண்டு முனைகளும் தடித்துப் பருத்து, நடுவில் மட்டும் இடைவெளி தெரிந்தால் (ஆர்த்தோ டாக்டர்கள் இதற்கு யானைப் பாதம் என்றே பேர் வைத்திருக்கிறார்கள்) உடம்பு எலும்பை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ராடு மெலிசாக இருக்கலாம், ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அதனால் முறிவு ஆடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஆளுக்குக் குறைவது உறுதியான பிடிப்பு, செல் இல்லை. ராடையோ பிளேட்டையோ மாற்றி இறுக்கினால் பெரும்பாலும் அதுவே போதும். முனைகள் மெலிந்து தேய்ந்து, புது எலும்பு துளியும் இல்லாமல் இருப்பது வேறு வகை. ஸ்டெம் செல் பேச்சுக்கு இடம் இருப்பது இந்த வகையில்தான்.

அப்புறம், உள்ளே சீழ் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது. வெளியே புண் இல்லை, காய்ச்சல் இல்லை என்றாலும் பிளேட்டுக்கு அடியில் கிருமி ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் நார்மலாக வந்தால்கூடச் சந்தேகம் முழுதாகத் தீராது, சில சமயம் உள்ளேயிருந்து திசுவை எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டியிருக்கும். கிருமி இருக்கும் இடத்தில் செல்லை ஊற்றுவது பணத்தைக் கிணற்றில் போடுவதுதான்.

அடுத்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். "ஸ்டெம் செல் போட்டோம்" என்று சொன்னால் எத்தனை செல் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிரான்ஸில், பாரிஸை ஒட்டிய கிரெத்தேய் நகரில் ஃபிலிப் எர்னிகூ என்ற எலும்பு அறுவை மருத்துவரின் குழு 2005-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் டிபியா எலும்பு கூடாமல் போன 60 பேர், எல்லாருமே நான் சொன்ன இரண்டாவது வகை. அவர்களுடைய இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி அடர்த்தியாக்கி, தோல் வழியாகவே முறிவில் செலுத்தினார்கள். 53 பேருக்குக் கூடியது. வீடியோக்காரர்கள் இந்த 53-ஓடு நிறுத்திக்கொள்வார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது கூடாமல் போன அந்த 7 பேர்தான். 60 பேரிடமும் எடுத்த மஜ்ஜையில், எலும்பாக மாறக்கூடிய மூலச்செல்கள் ஒரு மில்லிக்குச் சராசரியாக 612 மட்டுமே இருந்தன. அதே ஒரு மில்லியில் மற்ற செல்கள் கோடிக்கணக்கில் இருக்கும்! அடர்த்தியாக்கிய பிறகு மூலச்செல்கள் மில்லிக்குச் சுமார் 2,600 ஆயின. கூடாத 7 பேருக்குப் போன திரவத்தில் மில்லிக்கு 1,000-கூட இல்லை, மொத்தமாகவும் மற்றவர்களைவிட வெகு குறைவு. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே முறை, ஆனால் எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு எலும்பு கூடவில்லை. இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத இன்னொரு குழு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும், அதனால் 60-க்கு 53 என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எண்ணிக்கை எங்கே குறைகிறது என்றால் பெரும்பாலும் உறிஞ்சும் கையில். ஊசியை இடுப்பெலும்பில் ஒரே இடத்தில் குத்தி வைத்துக்கொண்டு பெரிய சிரிஞ்சால் ஒரே மூச்சில் இழுத்தால் முதல் ஒன்றிரண்டு மில்லிதான் மஜ்ஜை, மீதி சுற்றியிருக்கும் ரத்தக்குழாய்களின் சாதாரண ரத்தம். சிரிஞ்ச் நிறைந்துவிடும், பார்க்கச் சிவப்பாகத்தான் இருக்கும், நோயாளிக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. சரியாகச் செய்பவர்கள் 10 மில்லி சிரிஞ்சைப் பிடித்து, கொஞ்சம் இழுத்து, ஊசியைத் திருப்பி, ஆழத்தை மாற்றி, இடத்தை மாற்றி மறுபடியும் கொஞ்சம் இழுப்பார்கள். 50 மில்லி சிரிஞ்சோடு ஒப்பிட்டால் 10 மில்லியில் மூலச்செல்களின் அடர்த்தி பல மடங்கு கூடுதல் என்று அதே எர்னிகூ குழு 2013-இல் காட்டியிருக்கிறது. ஆக, எத்தனை மில்லி எடுத்தார்கள் என்பதைவிட எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதும் டாக்டர் எரிச்சல்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பி.ஆர்.பி.யை ஸ்டெம் செல் என்று நம்பிப் பணம் கட்டுவது இன்னொரு தவறு. அது உங்கள் கை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தட்டணுக்கள், அதில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொல்ல எதுவும் இல்லை. "டிரிப்ஸில் ஏற்றிவிட்டால் செல் தானாக முறிவைத் தேடிப் போகும்" என்பதும் அப்படித்தான், ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இந்தச் செல்களில் பெரும்பங்கு முதலில் நுரையீரலில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமித்து வைத்தால் பின்னாளில் எலும்பு முறிவுக்கு உதவும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அதில் இருப்பவை முக்கியமாக ரத்தத்தை உண்டாக்கும் செல்கள். அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்து விற்ற ஊசியைப் போட்டுக்கொண்ட 12 பேர் கிருமித் தொற்றோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2018-இல் அறிவித்தது. அடுத்தவர் உடம்பிலிருந்து வந்த பொருள் என்றால் இந்த ஆபத்தும் கூடவே வரும்.

இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகும் ஏ.வி.என். நோயாளிகள் செய்யும் தவறு நேரம் சம்பந்தப்பட்டது. அதிக ஸ்டீராய்டு, குடி இரண்டும் இதற்குப் பெரிய காரணங்கள், கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்கள் சிலருக்கும் வந்தது. பந்து இன்னும் உருண்டையாக இருக்கும்போது, எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்து அதோடு மஜ்ஜைச் செல்லையும் வைப்பது பலன் தர வாய்ப்புண்டு. பந்து நொறுங்கித் தட்டையான பிறகு எந்தச் செல்லும் அதை மறுபடி உருட்டித் தராது, மூட்டு மாற்றுதான் வழி. ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கும் என்பதால், இடுப்புக் கவட்டில் வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் ஆராய்ச்சிதான். தனித்தனியாக ஒப்புதல் வாங்கிய தயாரிப்புகள் மிகச் சில. ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. இங்கேதான் சாமர்த்தியமாக ஒரு சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் காட்டி "அரசாங்க அனுமதி இருக்கு" என்பார்கள். சி.டி.ஆர்.ஐ. என்பது ஆராய்ச்சிகளைப் பதிவு செய்யும் ஏடு, அதில் எண் கிடைத்ததாலேயே சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்ததாகாது. அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எந்த நோய்க்கு, எந்த ஆஸ்பத்திரியில், யார் பொறுப்பில் நடக்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். முட்டிவலிக்குப் பதிவு செய்த எண்ணை டிபியா முறிவுக்காரரிடம் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள், முன்பணம் கேட்டாலும் அப்படியே.