நெல்லை வெயிலில் வால்தெல்லினா ஒயின்: தேர்ந்தெடுப்பதும் பரிமாறுவதும்

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எழுதிய ஐரோப்பியர்கள், 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் தங்கள் ஊர் அறைகளை மனத்தில் வைத்தே எழுதினார்கள். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் விளக்கு வைத்த பிறகும் வீட்டுக்குள் 32 டிகிரிக்குக் குறைவதில்லை. அந்தச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹாலின் காட்டம் மூக்கில் ஏறும். பழ மணம் மறைந்துவிடும். குளிர் நாட்டில் விளைந்த, அடர்த்தி குறைந்த ஒயினுக்கு இந்தக் கேடு இன்னும் அதிகம். வால்தெல்லினா அப்படிப்பட்ட ஒயின். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றிவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று ஒதுக்குபவர்கள் அந்த ஒயினை உண்மையில் சுவைக்கவே இல்லை.

வால்தெல்லினா என்பது இத்தாலியின் வடக்கில், லொம்பார்தி மாநிலத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் பள்ளத்தாக்கு. அத்தா ஆறு அதன் வழியே மேற்கு நோக்கி ஓடிக் கோமோ ஏரியில் கலக்கிறது. ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடுவதால், அதன் வடகரைச் சரிவுகள் தெற்கைப் பார்த்து நிற்கின்றன. ஏறத்தாழ 9 டிகிரி அட்சரேகையில் வாழும் நமக்குச் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருவதால், ஒரு சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது பெரிய செய்தியல்ல. 46 டிகிரியில் அதைப் பொறுத்தே விளைச்சல் அமைகிறது. வெயில் சாய்வாக விழும் அந்த ஊரில், தெற்கு முகம் இல்லாவிட்டால் நெபியோலோ திராட்சை ஒழுங்காகப் பழுக்காது. தோட்டங்கள் பெரும்பாலும் 300 முதல் 700 மீட்டர் உயரத்தில் உள்ளன. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் இதைவிட உயரமானவை என்பதால், மலை என்றதும் உயரத்தை மட்டும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

சரிவில் மண் நிற்பதற்காகச் சாந்து பூசாமல் கல்லைக் கல்லோடு அடுக்கிச் சுவர் எழுப்பிப் படிப்படியாக நிலம் அமைத்திருக்கிறார்கள். இந்தச் சுவர்களின் மொத்த நீளம் சுமார் 2,500 கிலோமீட்டர் என்று கணக்கிடப்படுகிறது; இத்தாலி உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் இந்தக் கல்லடுக்குக் கலையை யுனெஸ்கோ 2018இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பகலில் வெயிலை வாங்கும் கற்கள் இரவில் வெப்பத்தை மெல்ல விடுகின்றன. ஏரிப் பக்கமிருந்து வீசும் பிரேவா என்னும் காற்று ஈரத்தைத் துடைத்துப் பூஞ்சையைக் கட்டுப்படுத்துகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவதால், பழம் மெதுவாக முதிர்ந்து, பெரும்பாலும் அக்டோபரில் அறுவடைக்கு வருகிறது. புளிப்பும் குறையாமல் நிற்கிறது. இந்தப் புளிப்புதான் நம் சாப்பாட்டோடு இந்த ஒயினைச் சேர்த்து வைக்கும் பாலம். பரோலோ என்னும் இத்தாலிய ஒயினும் இதே நெபியோலோவில்தான் செய்யப்படுகிறது. ஆனால் அதன் கனமும் இறுக்கமும் நம் வெப்பத்துக்கு ஒத்துவருவதில்லை என்பது என் கருத்து.

லேபிளில் மூன்று பெயர்களைப் பிரித்தறிந்தால் போதும். ரோஸ்ஸோ தி வால்தெல்லினா இளமையிலேயே குடிக்கத் தக்கது, எளியது, விலையும் குறைவு. வால்தெல்லினா சுப்பீரியோரே 1998இல் இத்தாலியின் உயர்தரச் சான்றான டி.ஓ.சி.ஜி. பெற்றது, அதில் குறைந்தது 90 சதவீதம் நெபியோலோ இருக்க வேண்டும், 24 மாதம் முதிர வேண்டும், அதில் 12 மாதம் மரப்பீப்பாயில் கழிய வேண்டும். ரிசர்வா என்று சேர்ந்திருந்தால் 36 மாதம். விளைந்த பகுதியின் பெயரும் சில லேபிள்களில் இருக்கும்: மேற்கிலிருந்து கிழக்காக மரோஜ்ஜா, சஸ்ஸெல்லா, குருமெல்லோ, இன்ஃபெர்னோ, வல்ஜெல்லா. மூன்றாவது ஸ்ஃபோர்சாதோ. பறித்த குலைகளைக் காற்றோட்டமான பரண்களில் டிசம்பர் வரை உலர்த்திப் பிழிவதால் ஆல்கஹால் குறைந்தது 14 சதவீதம் இருக்கும். உலர்ந்த பழத்தில் செய்தாலும் இனிப்பான ஒயின் அல்ல. முதன்முறை வாங்குபவருக்கு நான் சுப்பீரியோரேயைத்தான் சொல்வேன். ஸ்ஃபோர்சாதோ மார்கழிக் குளிருக்குக் காத்திருக்கட்டும்.

டாஸ்மாக் கடைகளில் இதைத் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருபவர் இரண்டு லிட்டர் வரை சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். அதாவது 750 மில்லி பாட்டில்கள் இரண்டு. திருவனந்தபுரத்தில் இறங்கினாலும் மதுரையில் இறங்கினாலும், ஊர் வந்து சேரும் வரை பாட்டிலைக் காரின் டிக்கியில் போடாமல், ஏசி படும் இருக்கைக்குக் கீழே வைக்க வேண்டும். கடை ரசீதும் பயணச் சீட்டும் உடன் இருக்கட்டும். தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

வீட்டுக்கு வந்ததும் தக்கை மூடி மேலே உந்தியிருக்கிறதா, ஓரத்தில் கசிந்த கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வழியில் சூடு பட்டிருக்கிறது. அந்த பாட்டிலை வைத்திருக்காமல் உடனே திறந்துவிடுவது நல்லது. நிறத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்: நெபியோலோ இயல்பாகவே வெளிறிய சிவப்பு, சில ஆண்டுகளில் ஓரம் செங்கல் நிறமாகும். கெட்டதன் அடையாளம் மூக்கில்தான் தெரியும். ரோஜாவும் புளிப்புச் செர்ரியும் மணக்க வேண்டிய இடத்தில் காய்ச்சிய ஜாமின் வாடை அடிக்கும். ஒயின் குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்க வைத்துச் சில வாரங்களுக்குள் குடித்துவிடலாம். சமையலறைப் பரண் எந்த மாதத்திலும் ஆகாது.

பரிமாறும் வெப்பநிலையாக 14 அல்லது 15 டிகிரியைக் கொள்ளலாம், ஏனெனில் கோப்பையில் ஊற்றிய சில நிமிடங்களில் அது 17ஐத் தொட்டுவிடும். ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலை முக்கால் மணி நேரத்துக்கு முன் வெளியே எடுக்க வேண்டும்; வெளியே இருந்த பாட்டிலை இரண்டு மணி நேரம் உள்ளே வைக்க வேண்டும். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். கோப்பைக்குள் மட்டும் ஐஸ் போடக் கூடாது. இளம் சுப்பீரியோரேக்குக் காற்றுப் படுவதும் தேவை: அகன்ற கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி, கூஜாவோடு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் காற்றும் படும், சூடும் ஏறாது. செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம். ஒயினின் புளிப்பு உலோகத்தை அரிக்கும். பழைய பாட்டிலென்றால் முதல் நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் தங்கும் வண்டல் கலங்காமல் ஊற்ற வேண்டும். வாய் சற்றே குறுகிய, வயிறு அகன்ற கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் மணம் சுழல இடமிருக்கும்.

இனிச் சாப்பாடு. நெபியோலோவில் டானின் அதிகம். வாழைப்பூவை ஆயாமல் மென்றதுபோல் நாக்கைக் கவ்வும் துவர்ப்பு அது. கொழுப்பும் புரதமும் சேரும்போது அந்தத் துவர்ப்பு அடங்கும். வால்தெல்லினாக்காரர்கள் வெண்ணெயும் சீஸும் போட்ட பிட்ஸோக்கெரி என்னும் பக்வீட் (ஒரு வகைத் தானியம்) மாவு உணவோடு இதைக் குடிப்பதன் காரணமும் அதுவே. நம் பக்கத்தில் இதற்கு முதலில் நினைவுக்கு வருவது உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்த அந்தச் சோற்றின் கனத்தைப் புளிப்புள்ள ஒயின் அழகாக அறுக்கும். மிளகு தூக்கலான ஆட்டுக்கறிச் சுக்காவும் பொருந்தும். மிளகாய் அதிகமானால் கதை வேறு: டானினும் ஆல்கஹாலும் எரிச்சலைப் பெருக்கும். ஆகவே பரோட்டா சால்னாவோடு வேண்டாம். மீனையும் தவிர்க்க வேண்டும். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனின் வாடையைக் கிளப்பிவிடும். தேங்காய்ப் பாலும் எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ந்த சொதிக்குச் சுப்பீரியோரேயின் துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். நன்கு குளிர்ந்த ரோஸ்ஸோ தாக்குப்பிடிக்கும். அல்வாவுக்கு இந்த மூன்றும் ஆகா, ஸ்ஃபோர்சாதோவும்கூட; அந்த இனிப்புக்குப் பக்கத்தில் ஒயின் வெறும் புளிப்பாகவும் கசப்பாகவும் தெரியும்.

மிச்சமானதைச் சிறிய பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஸ்ஃபோர்சாதோ இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக நிற்கும். அதற்கு மேல் போனதை ஆட்டுக்கறி ஊறவைக்கத் தயிரின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம்; அன்றைய குழம்பில் புளியை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.