மூன்று ரவுண்டு தாங்கும் உடம்பு: புதிதாக பாக்சிங் பழகுபவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி

முதல் முறை ஸ்பாரிங்குக்காக (பயிற்சிக்காக இருவர் மோதிப் பார்ப்பது) ரிங்கில் ஏறியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு வருடம் ஜிம்முக்குப் போய்த் தேற்றிய கைகள். எதிரில் நின்றவன் என்னைவிட ஒல்லி. ஒன்றரை நிமிடத்தில் என் கைகள் இரண்டும் இடுப்புக்கு இறங்கிவிட்டன. அவன் நிதானமாக ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து) வைத்துக்கொண்டே இருந்தான். கீழே இறங்கியதும் மாஸ்டர் சொன்னது இவ்வளவுதான்: "கை இருக்கு, தம் இல்லையே தம்பி."

அமெச்சூர் பந்தயம் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, நடுவில் 1 நிமிட ஓய்வு. மொத்தம் ஒன்பது நிமிடச் சண்டை. கேட்க அற்பமாக இருக்கும், ஏறிப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஒன்பது நிமிடத்துக்கு உடம்பைத் தயார் செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். திங்கள், புதன், வெள்ளி மாலை பாக்சிங் வகுப்புக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். குத்துவதை மாஸ்டர் சொல்லிக்கொடுப்பார், மீதி நேரத்தில் செய்ய வேண்டியவை இவை. இதயம், ரத்த அழுத்தம், மூட்டு என்று ஏதாவது தொந்தரவு இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒரு நோட்டு

பேக்கில் (தொங்கும் குத்துப்பை) மூன்று ரவுண்டு குத்துங்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் கடைசி 30 விநாடியில் எத்தனை குத்து விழுந்தது என்று நண்பர் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். மூன்றாவது ரவுண்டு முடிந்த உடனே நாடித்துடிப்பு எவ்வளவு, ஒரு நிமிடம் கழித்து எவ்வளவு என்றும் எழுதிக்கொள்ளுங்கள். எண்கள் கேவலமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

முதல் படி: மெதுவாக ஓடுங்கள்

திங்கள், புதன், வெள்ளி காலையில் 20 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி 35 நிமிடம் வரை போகலாம். வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம், குறையுங்கள். நடக்க வேண்டியிருந்தால் நடங்கள், வெட்கமே வேண்டாம்.

சண்டையில் இவ்வளவு மெதுவாக யார் ஓடுகிறார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பத்து விநாடி சரமாரியாகக் குத்தும்போது தசை தன்னிடம் இருக்கும் கையிருப்பைச் செலவழிக்கிறது. அந்தக் கையிருப்பு திரும்ப நிரம்புவது ஆக்சிஜனால். இதயமும் நுரையீரலும் பழகியிருந்தால் அந்த ஒரு நிமிட ஓய்வில் நிறைய நிரம்பும், பழகாவிட்டால் பாதிக் காலி டாங்கோடு அடுத்த ரவுண்டுக்கு எழுந்திருப்பீர்கள். மெதுவான ஓட்டம் கட்டிக்கொடுப்பது இந்த மீட்சியைத்தான்.

நம் ஊர் வெயிலுக்கு ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது. பிளாஸ்டிக் சூட் போட்டுக்கொண்டு ஓடுவதை மறந்துவிடுங்கள். அதில் குறைவது கொழுப்பு அல்ல, தண்ணீர். 1997-இல் அமெரிக்காவில் எடை குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் சூட்டுக்குத் தடை வந்தது.

இரண்டாம் படி: கயிறு

கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்து நின்று கைப்பிடிகளை மேலே இழுங்கள். அக்குள் வரை வந்தால் அளவு சரி. கயிறு கீழே நுழையும் அளவுக்கு, ஒரு அங்குலம் எழும்பினால் போதும். சுற்ற வேண்டியது மணிக்கட்டு, தோள் அல்ல. முன்பாதத்தில் இறங்குங்கள், முட்டியை லேசாகத் தளர்த்தி வையுங்கள்.

வகுப்புக்கு முன் 30 விநாடி குதித்து 30 விநாடி ஓய்வு, இப்படிப் பத்து முறை. இரண்டு மூன்று வாரத்தில் ஓய்வைக் குறைத்து, முழு 3 நிமிட ரவுண்டு மூன்றுக்கு வந்துவிடலாம். சிமெண்ட் தரையில் வெறுங்காலில் குதிக்காதீர்கள். கெண்டைக்கால் வலிப்பது சகஜம். முன்னங்கால் எலும்பை ஒட்டி வலித்தால் மட்டும் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: பலம், ஆனால் அளவோடு

எடை தூக்கினால் பாக்சருக்குக் கை மந்தமாகிவிடும் என்று பழைய மாஸ்டர்கள் பலர் சொல்வார்கள். மைக்கேல் ஸ்பிங்க்ஸ் கதை இதற்கு நல்ல பதில். 175 பவுண்டு வரம்புள்ள லைட் ஹெவிவெயிட் பிரிவில் அவர் சாம்பியன். 48 வெற்றி, தோல்வியே இல்லை என்றிருந்த லேரி ஹோம்ஸை எதிர்க்க 200 பவுண்டுக்கு ஏற வேண்டியிருந்தது. மேக்கி ஷில்ஸ்டோன் என்ற பயிற்சியாளர், நெடுந்தூர ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு எடைப் பயிற்சியும் இடைவெளி விட்ட வேக ஓட்டமும் கொடுத்தார். 1985 செப்டம்பர் 21-ஆம் தேதி, லாஸ் வேகாஸில் 15 ரவுண்டு முடிவில் ஸ்பிங்க்ஸ் ஜெயித்தார். லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்துகொண்டே ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் ஆள் அவர்தான். அவர் அப்போதே பல வருடம் ஓடிப் பழகியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பார்த்து நீங்கள் மெதுவான ஓட்டத்தை விட்டுவிடக் கூடாது.

செவ்வாய், சனி இரண்டு நாள் போதும். டம்பெல்லை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட் (டம்பெல் இல்லாவிட்டால் பஸ்கி), ரொமேனியன் டெட்லிஃப்ட் (முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து எடையோடு நிமிர்வது), தண்டால், டம்பெல் ரோ (குனிந்து நின்று டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது) அல்லது புல்-அப். ஒவ்வொன்றிலும் மூன்று செட், செட்டுக்கு ஐந்து முதல் எட்டு முறை. செட் முடியும்போது "இன்னும் இரண்டு தூக்கலாம்" என்ற நிலையில் நிறுத்துங்கள். நடுவில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். கை நடுங்கும்வரை தூக்குவது உடம்பைக் கட்டிக் காட்டுபவர்களின் வேலை. அடுத்த நாள் ரிங்கில் கை எழாவிட்டால் நமக்கு என்ன பயன்?

ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் ஏன் முன்னால் நிற்கின்றன? குத்து பிறப்பது காலில். பின்கால் தரையைத் தள்ள, இடுப்பு திரும்ப, தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. ரோவைத் தவிர்க்காதீர்கள். குத்துபவர்களின் தோள் எப்போதும் முன்னோக்கியே வேலை செய்வதால், பின்னால் இழுக்கும் தசைக்கும் பங்கு கொடுக்காவிட்டால் தோள்வலி வரும்.

கழுத்துக்கு: உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளுங்கள், தலை அசையாமல் எதிர்க்கட்டும், 10 விநாடி. அதேபோல் பின்பக்கம், இரு பக்கங்கள். மல்யுத்த வீரர்கள் தலையை ஊன்றிச் செய்யும் பாலம் புதியவர்களுக்கு வேண்டாம்.

சின்ன டம்பெல் பிடித்து ஷேடோ பாக்சிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது) செய்வது பலருக்குப் பிடித்த பழக்கம். எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. குத்து முன்னால் போகிறது, எடையோ கீழே இழுக்கிறது. முழங்கை வலிதான் மிச்சம்.

நான்காம் படி: பலத்தை வேகமாக்குவது

மூன்றாவது வாரத்திலிருந்து, எடை தூக்கும் நாளில், தூக்குவதற்கு முன்பே செய்யுங்கள். மூன்று கிலோ மெடிசின் பால் (கனமான பயிற்சிப் பந்து) ஒன்று, கெட்டியான சுவர் ஒன்று. பாக்சிங் நிலையில் பக்கவாட்டில் நின்று, இடுப்பைத் திருப்பி முழு வேகத்தில் சுவரில் எறியுங்கள். எறியும்போது மூச்சை விடுங்கள். பக்கத்துக்கு ஐந்து எறி, ஒரு நிமிட ஓய்வு, மூன்று சுற்று. இதில் களைப்பு வரக் கூடாது. வேகம் குறைந்த உடனே அன்றைக்கு அது முடிந்தது.

ஐந்தாம் படி: ரவுண்டுக்குள் வருவது

ஐந்தாவது வாரம். புதன்கிழமை ஓட்டத்தை விட்டுவிட்டு, வியாழக்கிழமை பேக்குக்கு வாருங்கள். 10 விநாடி முழு வேகம், 20 விநாடி ஜாபும் கால் நகர்வும் மட்டும். இப்படி ஆறு முறை செய்தால் 3 நிமிடம், ஒரு ரவுண்டு. ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு அடுத்தது. முதல் வாரம் மூன்று ரவுண்டு, எட்டாவது வாரத்துக்குள் ஐந்து. ஓய்வு நிமிடத்தில் உட்காராமல் நடங்கள், மூக்கால் ஆழமாக இழுத்து வாயால் விடுங்கள். பேக் இல்லாதவர்கள் மேம்பாலத்தின் ஏற்றத்தில் இதே கணக்கில் ஓடலாம். காலையில், வண்டி இல்லாத நேரத்தில்.

ஞாயிறு முழு ஓய்வு. நான்காவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். அந்த வாரம் குற்ற உணர்ச்சி வரும், எனக்கும் வந்தது. காலையில் எழும்போது நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருந்தால் அன்றைக்கு நடைப்பயிற்சியோடு விட்டுவிடுங்கள்.

எட்டாவது வாரக் கடைசியில் அந்த நோட்டை எடுங்கள். அதே பேக், அதே மூன்று ரவுண்டு, எண்ணுவதற்கு முடிந்தால் அதே நண்பர். பார்க்க வேண்டியது முதல் ரவுண்டு அல்ல. மூன்றாவது ரவுண்டின் கடைசி 30 விநாடிக் கணக்கு முதல் ரவுண்டுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறதா, ஒரு நிமிடத்தில் துடிப்பு முன்பைவிடச் சட்டென்று இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் நடந்திருந்தால் ஸ்பாரிங்குக்கு மாஸ்டரிடம் பெயர் கொடுக்கலாம். குத்து கூடி, துடிப்பு மட்டும் இறங்க அடம்பிடித்தால், இன்னும் நான்கு வாரம் முதல் படிக்கே திரும்புங்கள்.