பழைய லேப்டாப்பில் நம் வீட்டுப் பாட்டு சர்வர்: நாவிட்ரோம் நிறுவுவது எப்படி?

மாம்பலத்தில் எங்கள் வீட்டுப் பரணில், அப்பா பதிவு செய்து வைத்த கச்சேரி கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் மூலம் அவற்றைக் கணினிக்கு மாற்றினேன். பிறகு, நம் பாட்டுகளை வீட்டிலிருந்தே ஃபோனுக்கு அனுப்பும் நாவிட்ரோம் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். இப்போது அம்மா சமையலறையில் இருந்தபடியே ஃபோனில் அவற்றைக் கேட்கிறார். சந்தா கிடையாது, நடுவில் விளம்பரமும் கிடையாது.

உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) போட்ட பழைய லேப்டாப் ஒன்று போதும். கரண்ட் போனால் அதன் பேட்டரியே தாங்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்பி, ஒரு டிபி டிஸ்க்கில் ஆறாயிரம் மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். டிஸ்க் வேண்டுமென்றால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

முதலில் டாக்கர். மென்பொருளை கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி இது. அதன் தளத்தில் உபுண்டுவுக்கான கட்டளைகள் இருக்கின்றன. வரிசையாக டெர்மினலில் ஒட்டுங்கள். நாவிட்ரோமும் அதற்கு வேண்டிய எல்லாமும் ஒரே கட்டாக கண்டெய்னருக்குள் வந்துவிடும். பிடிக்கவில்லையா, கண்டெய்னரை அழித்துவிடலாம். பாட்டுகள் வெளியே இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்து, பாட்டுகளுக்கு ஒரு ஃபோல்டர், நாவிட்ரோமின் டேட்டாவுக்கு ஒரு ஃபோல்டர். இரண்டையும் நீங்களே முன்கூட்டி உருவாக்குங்கள். டாக்கரிடம் விட்டால் டேட்டா ஃபோல்டர் ரூட் (கணினியின் நிர்வாகி கணக்கு) பெயரில் உருவாகும். நாவிட்ரோமால் அதில் எழுத முடியாமல் பெர்மிஷன் பிழை வரும். எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுக்க இதிலேயே போனது.

அப்புறம் நாவிட்ரோம் தளத்திலுள்ள மாதிரி கம்போஸ் கோப்பை (கண்டெய்னரை எப்படி ஓட்ட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கோப்பு) நகலெடுத்து, அந்த இரண்டு ஃபோல்டர்களின் பாதையை மட்டும் மாற்றுங்கள். வரிகளின் தொடக்கத்தில் உள்ள இடைவெளிகளை ஸ்பேஸ் கொண்டே விட வேண்டும், டேப் கூடாது. பாட்டு ஃபோல்டர் வரியின் கடைசியில் உள்ள 'ஆர்ஓ'வை (ro, படிக்க மட்டும்) எடுத்துவிடாதீர்கள். நாவிட்ரோம் உங்கள் கோப்புகளை மாற்றாமல் காப்பது அதுதான். சரி, இனி அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து டெர்மினலில் கம்போஸ் அப் (docker compose up -d) கட்டளை. பிரவுசரில் லேப்டாப்பின் ஐபி முகவரியோடு 4533 போர்ட்டைச் சேர்த்துத் திறந்தால் அட்மின் கணக்கு உருவாக்கச் சொல்லும்.

இனிதான் முக்கியமான வேலை: டேக், அதாவது ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் இருக்கும் பெயர் விவரங்கள். நம் சினிமாப் பாட்டுகளில் ஒரே படத்தில் ஆறு பாடகர்கள் இருப்பார்கள். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' காலியாக இருந்தால் படம் சரியாக ஒன்றுசேராது. அங்கே இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். பாடியவர்கள் 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இருக்கட்டும். கச்சேரிகளுக்கு நான் 'ஜானர்' கட்டத்தில் ராகத்தை எழுதுகிறேன். ஒரு 90 நிமிட கேசட் அட்டையில் அப்பா நீல மையில் 'தோடி, ரா.தா.ப.' (ராகம் தானம் பல்லவி) என்று மட்டும் எழுதியிருந்தார். அதை அப்படியே தலைப்பில் ஏற்றினேன். இன்று தோடி என்று தேடினால் அதுவும் வருகிறது. பிகார்ட் போன்ற டேக் திருத்தும் மென்பொருளில் இதையெல்லாம் செய்யலாம். பொறுமை வேண்டும், ஆனால் செய்து பாருங்கள், அலமாரியை அடுக்கிய திருப்தி கிடைக்கும்.

ஃபோனுக்கு சப்சோனிக்கை (பாட்டு சர்வரோடு ஆப்கள் பேசும் முறை) ஆதரிக்கும் எந்த ஆப்பும் சரி. ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம், ஐஃபோனில் ஆம்ப்பர்ஃபி. வெளியிலிருந்து கேட்க ரௌட்டரில் போர்ட்டைத் திறக்காதீர்கள். லேப்டாப்பிலும் ஃபோனிலும் டெயில்ஸ்கேல் (உங்கள் சாதனங்களை மட்டும் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் ஆப்) போட்டால் மின்சார ரயிலிலும் கேட்கலாம்.

மாதம் ஒருமுறை கண்டெய்னரை நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டரை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். கணக்குகளும் பிளேலிஸ்டுகளும் அதில்தான் இருக்கின்றன. பாட்டு ஃபோல்டருக்கும் இன்னொரு பிரதி கட்டாயம். கேசட் நாடா இன்னொரு முறை ஓடும் என்று சொல்ல முடியாது.