சமூகவியல் படிக்க ரேஷன் கடைக்குப் போங்கள்

பி.ஏ. சமூகவியலில் முதல் வருடம் டர்கைம், மார்க்ஸ், வெபர் என்று இந்தத் துறையின் முன்னோடிகளைப் பற்றி நோட்ஸ் எழுதியே ஓடிவிடும். கடைசி வருடம் புராஜெக்ட் வரும்போதுதான் பலர் கையில் கேள்விப் பட்டியலோடு வெளியே கிளம்புகிறார்கள். அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள், முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடலாம்.

நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் போதும். நான் எல்லோருக்கும் சொல்வது ரேஷன் கடை. முதல் மூன்று தடவை யாரையும் எதுவும் கேட்க வேண்டாம், சும்மா நின்று பாருங்கள். கடை திறப்பதற்கு முன்பே வரிசை இருக்கும், ஆனால் ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஒரு மஞ்சள் பை, ஒரு செங்கல், அதற்குப் பின்னால் ஒரு காலி மண்ணெண்ணெய் கேன் என்று பொருட்கள்தான் ஆட்களுக்குப் பதிலாக நிற்கும். அந்தச் செங்கல்லை யாரும் நகர்த்துவதில்லை, நகர்த்தினால் சண்டை வரும், இத்தனைக்கும் இந்த விதி எந்தப் போர்டிலும் எழுதப்படவில்லை. டர்கைம் சொன்ன ‘சமூக உண்மை’, அதாவது தனி ஆளுக்கு வெளியே இருந்துகொண்டு அவரைக் கட்டுப்படுத்தும் வழக்கம், இதுதான், பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை இங்கே கண்ணால் பார்க்கிறீர்கள். அப்புறம் யாருடைய பையை மட்டும் மற்றவர்கள் முன்னால் தள்ளிவிடுகிறார்கள், காலமெல்லாம் கூலி வேலை செய்து ரேகை தேய்ந்துபோன பாட்டி மெஷினில் விரல் வைத்துப் பதியாமல் நிற்கும்போது யார் உதவிக்கு வருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிவிட வேண்டும், இதில் சலுகையே கிடையாது. நோட்டின் இடது பக்கம் கண்டதும் கேட்டதும், வலது பக்கம் உங்கள் யோசனை. ‘கூட்டம் அதிகம்’ என்று எழுதாமல் எண்ணி எழுதுங்கள்: 23 பேர், அதில் 19 பெண்கள் என்று. எழுதியதைப் போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948-ல் மைசூர் பக்கம் ராம்புரா கிராமத்தில் ஆய்வு செய்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்த குறிப்புகள், மூன்று பிரதியும் ஒரே இடத்தில் இருந்ததால், 1970-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் மொத்தமாகப் போயின.

பேட்டிக்குப் போகும்போது உங்களைத்தான் முதலில் விசாரிப்பார்கள். “யார் வீட்டுப் பிள்ளை நீ, எந்தத் தெரு?” அந்தக் கேள்விக்குள் சாதி இருக்கிறது, உங்கள் பதிலைப் பொறுத்துதான் சில கதவுகள் திறக்கும், சில மூடும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1961-62-ல் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெதேய் அக்ரஹாரத்தில் தங்கியிருந்தார், அதனாலேயே தலித் தெருக்களில் இயல்பாகப் பழகுவது அவருக்குக் கடினமாக இருந்தது. எங்கே உட்கார வைத்தார்கள், எதில் டீ கொடுத்தார்கள் என்பதெல்லாம் குறிப்பில் வரட்டும். நேரடியாகச் சாதி கேட்க வேண்டாம். கோயில், சுடுகாடு, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்டு ஊர் வரைபடம் போட்டாலே பாதி தெரிந்துவிடும். அனுமதி வாங்கிவிட்டுப் பேசுங்கள், எழுதும்போது பெயரை மாற்றுங்கள், கேட்காமல் போட்டோ எடுக்கவே கூடாது.

“சொந்த ஊரைப் போய் என்ன ஆராய்வது” என்று தயங்குபவர்களுக்கு: 1916 வாக்கில் மெட்ராஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துச் சொந்த ஊர்களுக்குத்தான் அனுப்பினார். அப்படி எழுதப்பட்ட விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு கிராமத்தைத் தேடி 1930-களிலும் அதற்குப் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். உங்கள் ஊரின் 2011 மக்கள்தொகைக் கணக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கிராமம் என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை நடக்கும், யார் பேசுகிறார்கள், யார் பின்னால் நின்றே கலைந்து போகிறார்கள் என்று பாருங்கள்.

எழுதி முடித்ததும் அந்த மக்களிடமே படித்துக் காட்டுங்கள். “இது இப்படி இல்லப்பா” என்று யாராவது திருத்துவார்கள். அதையும் தேதி போட்டு நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.