மஞ்சள் கடுதாசியா, செட்டில்மென்டா? முதலில் கணக்கைப் போடுங்கள்

கடனைக் கட்ட முடியாதபோது, வங்கியிடம் பேசிக் குறைத்த தொகையைக் கட்டி முடிப்பது செட்டில்மென்ட்; கோர்ட்டில் திவால் மனு போடுவது மஞ்சள் கடுதாசி. முடிவெடுக்கும் முன் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: பாக்கி அசல், வட்டி, அடமானம் என்ன, ஜாமீன் போட்டவர் யார். குடும்பச் செலவு போக மாதம் மிஞ்சும் தொகையை 60-ஆல், அதாவது ஐந்து வருட மாதங்களால், பெருக்குங்கள். மொத்த அசலைவிட அது நன்றாகக் கூடுதலாக இருந்தால் செட்டில்மென்ட் வேண்டாம். தவணைக் காலத்தை நீட்டச் சொல்லி வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். 90 நாள் தவறி வாராக்கடன் ஆவதற்குள் கேட்பது முக்கியம்.

அசலையே எட்டவில்லை என்றால், ஐந்து வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாலும் தீராது. கிரெடிட் கார்டில் ரூ.2 லட்சம் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி ரூ.7,000, அதற்கு ஜிஎஸ்டி ரூ.1,260. ரூ.10,000 கட்டினாலும் அசலில் குறைவது ரூ.1,740 மட்டுமே.

இப்படிப்பட்ட அடமானமில்லாத கடனுக்குத்தான் செட்டில்மென்ட் சரிப்படும், அதுவும் மொத்தமாகக் கட்டப் பணம் கையில் இருந்தால். தவணையாகப் பேசி நடுவில் தவறினால் சலுகை போய்விடும், கட்டியது வட்டிக்கே சரியாகிவிடும். ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்று தொகையும் தேதியும் போட்ட கடிதம் வந்த பிறகே பணம் கட்டுங்கள்; கடன் கணக்கில்தான் கட்ட வேண்டும், வசூல் ஏஜென்ட் கையில் அல்ல. சிபில் கடன் அறிக்கையில் ‘செட்டில்ட்’ என்ற பதிவு பல வருடம் நிற்கும். சீக்கிரம் வீட்டுக்கடன் வாங்கும் யோசனை இருந்தால் இது பெரிய இடி.

வீட்டுக்கடன் வேறு கதை. சர்பாசி நோட்டீஸ் (அடமானச் சொத்தைக் கைப்பற்றும் முன் வங்கி அனுப்புவது) வந்தால் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வங்கி சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து விற்றால், பெரும்பாலும் ஏலத்தைவிட நல்ல விலை வரும்.

மஞ்சள் கடுதாசி கடைசி வழி. 2016-ம் ஆண்டு திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலில் இருக்கிறது. மற்றவர்களுக்கு மாவட்டங்களில் 1920-ம் ஆண்டுச் சட்டம், சென்னையில் 1909-ம் ஆண்டுச் சட்டம். ஐ.பி. (திவால் மனு) போட்டதுமே கடன் ஒழிந்தது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. திவாலானவர் என்று உத்தரவான பிறகு, கோர்ட் குறித்த கெடுவுக்குள், கடனிலிருந்து விடுவிக்கக் கேட்டு விடுவிப்பு மனு போட வேண்டும். போடாவிட்டால் அந்த உத்தரவே ரத்தாகலாம். 1920-ம் ஆண்டுச் சட்டப்படி, மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் சொத்தை மனைவி பெயருக்குத் தானமாக எழுதியிருந்தால் அதையும் ரத்து செய்ய முடியும். அடமானம் பிடித்தவர் உரிமையும் அப்படியே இருக்கும்.

சொத்தில்லாத சம்பளக்காரர் இதையும் பார்க்க வேண்டும்: கடன் வழக்கில் தீர்ப்பானாலும் சம்பளத்தில் முதல் ரூ.1,000-மும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்தியில் சேராது. ஜப்தியாகும் மிச்சப் பங்கைத் தாங்க முடியுமென்றால் ஐ.பி. தேவைப்படாது.

நீங்கள் விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார். மச்சானோ மாமாவோ கையெழுத்துப் போட்டிருந்தால், மனு போடும் முன்பே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.