தமிழ்ப் பக்கத்தில் பிரெஞ்சு பொத்தான்

எங்கள் தளத்தில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று மொழிகள். கேச்சை, அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் நகல்களை, காலி செய்தால் சில முறை எல்லாம் ஒழுங்காக இருக்கும், சில முறை தமிழ்ப் பக்கத்தின் 'அனுப்பு' பொத்தான் பிரெஞ்சில் வந்து நிற்கும். மற்ற எழுத்தெல்லாம் தமிழ்தான், ஜாவாஸ்கிரிப்ட் போடும் சொற்கள் மட்டும் மாறியிருக்கும். இரண்டு நாள் மொழிபெயர்ப்புக் கோப்புகளையே தோண்டினேன், வீண் வேலை.

பிளகின்களின் (தளத்தில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை நிரல்கள்) ஸ்கிரிப்டுகளை எல்லாம் ஒரே கோப்பாக ஒட்டிச் சேமிக்கும் கோட் நான் எழுதியதுதான். ஒட்டும்போதே மொழிச்சொற்களும் உள்ளே போய் உறைந்துவிடுகின்றன, ஆனால் கோப்பின் பெயரில் மொழி இல்லை. ஆக, கேச் காலியானதும் முதலில் யார் வருகிறாரோ அவர் மொழிதான் எல்லாருக்கும்.

முதலில் வேரி ஹெடரில் (எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேச்சுக்குச் சொல்லும் குறிப்பு) அக்செப்ட்-லாங்குவேஜ், அதாவது பிரவுசர் கேட்கும் மொழி, சேர்த்துப் பார்த்தேன். பலிக்கவில்லை. எங்களிடம் மொழியைத் தீர்மானிப்பது குக்கி, அதாவது தளம் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பு. தவிர, சர்வரில் இருப்பதே ஒரு கோப்பு எனும்போது ஹெடர் என்ன செய்யும்!

அப்புறம் கோப்பின் பெயரில் மொழிக்குறியீட்டையும், இயங்கும் பிளகின்களின் பெயர், பதிப்பு எண் எல்லாம் சேர்ந்த ஒரு ஹாஷையும் (இவற்றில் ஒன்று மாறினாலும் தானும் மாறும் சுருக்கக் குறி) வைத்தேன். பெயர் மாறுவதால் பிரவுசரும் பழையதைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஒரு பிளகின் மட்டும் அடம்பிடித்தது: பயனரின் மொழி முடிவாகும் முன்பே தன் சொற்களை எடுத்துவிடுகிறது. அந்த வரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளியதும் சரி. மொழிபெயர்ப்பை மட்டும் திருத்தினால் ஹாஷ் மாறாது, அப்போது இன்னும் கையால்தான் கேச்சை அழிக்கிறேன்.